அம்பையில் ஒரு ஹேக்கிங் லேப்: பழைய கம்ப்யூட்டரும் கழற்றிப் போட்ட டிவிஆரும்

சிசிடிவி மாட்டுவதும் நெட்வொர்க் கேபிள் இழுப்பதும் என் தொழில். அம்பாசமுத்திரத்தில் கடை. கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம், வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று சுற்றுவட்டாரம் முழுக்க வேலை. நகைக்கடை, அரிசி ஆலை, கல்யாண மண்டபம், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வயதானவர்கள் வீடு. கேமரா மாட்டி முடித்து, போனில் படம் தெரிந்ததும் பலரும் கேட்பது ஒன்றுதான்: "நம்ம வீட்ட வேற யாரும் பாத்துர மாட்டாங்கல்லா?" அதற்கு வாய்க்கு வந்ததைச் சொல்லாமல், சோதித்துப் பார்த்துச் சொல்லலாமே என்றுதான் இந்த லேபைக் கட்டினேன்: வெளியே யாரையும் தொடாமல், நம் கம்ப்யூட்டருக்குள்ளேயே தாக்கியும் தாக்குதலைக் கவனித்தும் பழகும் இடம். சான்றிதழ் வாங்கி சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போகும் யோசனை எதுவும் இல்லை. அந்த வழியில் போகிறவர்களுக்கு இந்தப் பதிவில் சில இடங்கள் மெதுவாகவும் சில இடங்கள் அவசரமாகவும் தெரியலாம்.

கம்ப்யூட்டர் மூடிப்போன ஒரு டிடிபி கடையிலிருந்து வந்தது. இன்டெல் ஐ5, நான்காம் தலைமுறை, 8 ஜிபி ரேம். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டேன். விண்டோஸ் 10 மேல் விர்ச்சுவல்பாக்ஸ். இது இலவசம்; ஒரே கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓட்டலாம். தாக்கும் இயந்திரத்துக்கு 3 ஜிபி, தாக்கப்படும் இயந்திரத்துக்கு அரை ஜிபி கொடுத்தாலும் மிச்சம் இருக்கிறது. 16 ஜிபி இல்லாமல் லேபே கட்ட முடியாது என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். ஆனால் எஸ்எஸ்டி மட்டும் இல்லையென்றால் பொறுமை போய்விடும்.

முதல் முட்டல் பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரையில். பழைய டெஸ்க்டாப்கள் பலவற்றில் விடி-எக்ஸ் (கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர் ஓட்ட பிராசஸர் தரும் உதவி) அணைந்தே வந்திருக்கும். அதை இயக்காவிட்டால் விர்ச்சுவல்பாக்ஸ் எந்த இயந்திரத்தையும் தொடங்காது. இயக்கியபின் ஓடியது, ஆனால் நத்தை வேகம். விர்ச்சுவல் மெஷின் ஜன்னலின் கீழ் ஓரத்தில் ஒரு பச்சை ஆமைப் படம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் விண்டோஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் வசதியான ஹைப்பர்-வி உள்ளே உட்கார்ந்து வழியை மறிக்கிறது என்று அர்த்தம். கோர் ஐசொலேஷனில் இருக்கும் மெமரி இன்டெக்ரிட்டியையும், விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் ஹைப்பர்-வி சம்பந்தப்பட்டதையும் அணைத்து ரீஸ்டார்ட் செய்ததும் ஆமை போய்விட்டது. மெமரி இன்டெக்ரிட்டி ஒரு பாதுகாப்பு வசதி. பேங்க் வேலையும் பார்க்கிற கம்ப்யூட்டரில் இதை அணைக்காதீர்கள். லேபுக்குத் தனி இயந்திரம் வைத்துக்கொள்வதுதான் நல்லது என்பதற்கு இது ஒரு காரணம்.

தாக்கும் பக்கம் காளி லினக்ஸ், பாதுகாப்புச் சோதனைக் கருவிகளோடு வரும் இயங்குதளம். டெபியன் அடிப்படையில் 2013-இல் வந்தது. விர்ச்சுவல்பாக்ஸுக்கென்றே தயார் செய்த கோப்பை அவர்கள் தளத்திலேயே தருகிறார்கள். இறக்கியதும், கோப்பு மாறவில்லை என்று உறுதி செய்ய, பக்கத்தில் கொடுத்திருக்கும் ஷா256 எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். தாக்கப்படும் பக்கம் மெட்டாஸ்ப்ளாய்டபிள் 2. ரேபிட்7 நிறுவனம் பயிற்சிக்காகவே ஓட்டைகளோடு கட்டிய உபுண்டு 8.04. இதை வழக்கமான இயங்குதளம் போல நிறுவ வேண்டியதில்லை. புதிய மெஷின் உருவாக்கி, டிஸ்க் கேட்கும் இடத்தில் அவர்கள் தரும் விஎம்டிகே என்ற விர்ச்சுவல் டிஸ்க் கோப்பைக் காட்டினால் போதும். பிராசஸர் அமைப்பில் பிஏஇ என்ற கட்டத்தை டிக் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் இந்தச் சிபியுவில் தேவையான வசதி இல்லை என்று சொல்லி பூட் ஆகும்போதே நின்றுவிடும்.

இனி வருவதுதான் நேரம் பிடித்த வேலை. நெட்வொர்க்கைப் பிரிப்பது.

விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு மெஷினை நெட்வொர்க்கில் சேர்க்கப் பல வழிகள். பிரிட்ஜ் என்று கொடுத்தால் அது வீட்டு ரௌட்டரில் நேராக ஐபி முகவரி வாங்கிக்கொள்ளும். மகளின் டேப்லெட்டும் டிவியும் இருக்கும் அதே நெட்வொர்க்கில் இந்த ஓட்டைச் சட்டியும் போய் உட்காரும். மெட்டாஸ்ப்ளாய்டபிளே தன் லாகின் திரையில், நம்பிக்கையில்லாத நெட்வொர்க்கில் இதை ஒருபோதும் விடாதே என்று எழுதி வைத்திருக்கிறது. வெளி நெட்வொர்க்கைத் தொடாமல் இந்தக் கம்ப்யூட்டரோடு மட்டும் சேர்க்கும் ஹோஸ்ட்-ஒன்லி பரவாயில்லை, பலரும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதில் விண்டோஸும் 192.168.56.1 என்ற முகவரியில் உள்ளே இருக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை. வெறும் இரண்டு மெஷின்கள் மட்டும் பேசிக்கொள்ள இன்டர்னல் நெட்வொர்க் என்ற வழி உண்டு. அங்கே ஐபி கொடுக்க ஆள் கிடையாது, நாமே கையால் கொடுக்க வேண்டும். காளிக்கு 10.10.10.10, எதிராளிக்கு 10.10.10.20. வெளியே போகும் வழியான கேட்வே எதுவும் கொடுக்கவில்லை. மெட்டாஸ்ப்ளாய்டபிளில் ரீஸ்டார்ட் செய்தால் ஐபி மறைந்துவிடும், மறுபடி அடிக்க வேண்டும். அது ஒரு தொல்லையாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

காளிக்கு மட்டும் இரண்டாவதாக, விண்டோஸ் வழியாக இன்டர்நெட் தரும் ஒரு நேட் அடாப்டர் உண்டு, அப்டேட் இறக்குவதற்கு. பயிற்சியின்போது அதன் அமைப்பில் கேபிள் கனெக்டட் என்ற டிக்கை எடுத்துவிடுவேன். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்கலாம். பிரித்தது சரியாக இருக்கிறதா என்று எதிராளி மெஷினுக்குள் நின்றுகொண்டு பார்க்க வேண்டும்: 8.8.8.8-க்கு பிங், வீட்டு ரௌட்டருக்கு பிங். இரண்டுக்கும் நெட்வொர்க்கே எட்டவில்லை என்று பதில் வந்தது. அதன்பிறகு இரண்டு மெஷினையும் ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தேன். எதைக் கெடுத்தாலும் ஒரு கிளிக்கில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் போகிற நாளுக்கு முன் இரவும் ஸ்னாப்ஷாட். இன்வெர்ட்டர் எவ்வளவு நேரம் தாங்கும் என்று பந்தயம் கட்ட முடியாது.

அக்கா மகன் திருநெல்வேலியில் இன்ஜினியரிங் படிக்கிறான். சனி, ஞாயிறு வந்துவிடுவான். அவனுக்கு ஆரம்பத்தில் இருந்தே ஒரே அவசரம். "மாமா, செவரு கட்டுனது போதும். உள்ள போவமா?"

போனோம். முதலில் என்மேப். 1997-இல் வந்த கருவி, இன்றும் இதுதான் முதல் கை. எந்தப் போர்ட் (நெட்வொர்க்கில் ஒரு கம்ப்யூட்டருக்கு இருக்கும் எண் போட்ட வாசல்) திறந்திருக்கிறது, அதன் பின்னால் எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று தட்டிப் பார்த்துச் சொல்லும். வழக்கமான ஆயிரம் போர்ட்டில் 23 திறந்திருந்தன. எஃப்டிபி (கோப்பு அனுப்ப), டெல்நெட் (தூரத்திலிருந்து கட்டளை கொடுக்க), சாம்பா, மைஎஸ்க்யூஎல், விஎன்சி, டாம்கேட். 1524 என்ற போர்ட்டில், போர்ட்டோடு நேராகப் பேசும் நெட்கேட் கருவியை வைத்து இணைந்தால் பாஸ்வேர்டு எதுவும் கேட்காமல் ரூட் ஷெல்லே, முழு அதிகாரம் உள்ள கட்டளைத் திரையே, வந்து நிற்கிறது. அவன் சிரித்துவிட்டான். சிரிக்கத்தான் வேண்டும், பயிற்சிக்காக அப்படி வைத்தது.

எனக்கு உண்மையிலேயே பிடித்தது 21-ஆம் போர்ட். அங்கே ஓடுவது விஎஸ்எஃப்டிபிடி 2.3.4 என்ற எஃப்டிபி சர்வர். 2011 ஜூன் கடைசியில் இந்த மென்பொருளின் தளத்தில் இருந்த மூலக் கோப்பை யாரோ மாற்றி, ஒரு திருட்டு வாசலை உள்ளே வைத்துவிட்டார்கள். ஜூலை 3-ஆம் தேதி கண்டுபிடித்து நீக்கினார்கள். வாசல் திறக்கும் முறை இதுதான்: எஃப்டிபியில் பயனர் பெயர் கேட்கும்போது பெயருக்குப் பின்னால் :) என்று ஒரு சிரிப்புக் குறி சேர்த்தால், 6200 என்ற போர்ட்டில் ரூட் ஷெல் திறந்துகொள்ளும். மெட்டாஸ்ப்ளாய்ட் என்ற தாக்குதல் கருவியை வைத்து இதைத் தானாகச் செய்யலாம். நாங்கள் அதைத் தொடவில்லை. நெட்கேட்டில் இரண்டு ஜன்னல். ஒன்றில் பெயரும் சிரிப்புக் குறியும், அப்புறம் ஏதோ ஒரு பாஸ்வேர்டு. அது அப்படியே தொங்கி நிற்கும். இன்னொன்றில் 6200. நான் யார் என்று கேட்கும் கட்டளையைக் கொடுத்ததும் யூஐடி பூஜ்யம், ரூட், என்று பதில் வந்தது.

"இம்புட்டுதானா மாமா?"

அம்புட்டுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கையால் செய்யாமல் மெட்டாஸ்ப்ளாய்ட் ஓட்டியிருந்தால் இன்னும் குறைவு, எதுவும் புரிந்தும் இருக்காது. இணையத்தில் கிடைக்கும் வீடியோக்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் முடிந்துவிடுகின்றன. எனக்கு இங்கேதான் வேலை தொடங்குகிறது. நான் தாக்குகிறவன் இல்லை, மாட்டிவிட்டு வருகிறவன். உள்ளே ஒருவன் வந்து போனால் அங்கே என்ன தெரியும்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கூத்தெல்லாம்.

ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பி, அதையே மறுபடி செய்தோம். இந்தத் தடவை, நெட்வொர்க்கில் போவதையெல்லாம் பிடித்துக் காட்டும் ஒயர்ஷார்க் ஓடிக்கொண்டிருந்தது. எதிராளி மெஷினின் கன்சோலில் என் கை, காளியில் அவன் கை. அவன் சிரிப்புக் குறியை அனுப்பி முடித்ததும், திறந்திருக்கும் போர்ட்களைக் காட்டும் நெட்ஸ்டாட் அடித்தேன். சற்றுமுன் இல்லாத 6200 இப்போது கேட்டுக்கொண்டு நிற்கிறது. ஒயர்ஷார்க்கில் அந்த இணைப்பைப் பிடித்து டிசிபி ஸ்ட்ரீமைத் திறந்தால், அவன் அடித்த ஒவ்வொரு கட்டளையும் அதற்கு வந்த பதிலும் எழுத்து மாறாமல் கிடக்கிறது. எஃப்டிபி பயனர் பெயரும் அப்படித்தான், சிரிப்போடு. என்கிரிப்ஷன் எதுவும் இல்லாத நெறிமுறை என்று எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். படித்ததற்கும் பார்த்ததற்கும் நடுவில் தூரம் இருக்கிறது.

பாஸ்வேர்டு ஊகித்தலையும் இதே மாதிரி இருபுறமும் நின்று பார்த்தோம். ஹைட்ரா என்ற கருவியால் எஸ்எஸ்ஹெச் (பூட்டிய இணைப்பில் கட்டளை கொடுக்கும் முறை) மேல் முயன்றால் ஓடவே இல்லை. புதிய காளிக்கும் 2008-ஆம் ஆண்டு எஸ்எஸ்ஹெச்சுக்கும் பொதுவாக ஒரு சாவி முறை இல்லை. பழைய ஆர்எஸ்ஏ-ஷா1 வகையைப் புதிய எஸ்எஸ்ஹெச் மென்பொருள்கள் ஒதுக்கிவிட்டன. சரி, எஃப்டிபி மேல் விட்டோம். சொல்பட்டியலுக்கு காளியிலேயே இருக்கும் ராக்யூ கோப்பு. 2009-இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து கசிந்த நிஜமான பாஸ்வேர்டுகள், ஒரு கோடியே நாற்பது லட்சத்துக்கு மேல். முழுதாக விட்டால் விடியாது என்பதால் ஒரு சிறிய துண்டை வெட்டி, சரியான பாஸ்வேர்டை நடுவில் செருகி வைத்தோம். எதிராளியின் லாகில், அதாவது நடந்ததைக் குறித்துவைக்கும் கோப்பில், தோல்விகள் சரசரவென்று இறங்கின. ஒவ்வொரு வரியிலும் 10.10.10.10. கடைசியில் ஒரே ஒரு வெற்றி.

அந்த லாகில் ஒரு சங்கதி. நாங்கள் இதைச் செய்தது இரவு பதினொரு மணிக்கு. லாகில் மதியம் ஒன்றரை. மெட்டாஸ்ப்ளாய்டபிள் அமெரிக்கக் கிழக்குக் கடற்கரை நேரத்தில் ஓடுகிறது. மருமகனுக்கு இது சின்ன விஷயமாகத் தெரிந்தது. டிவிஆர் (கேமரா படத்தைப் பதிவு செய்யும் பெட்டி) கடிகாரம் இருபது நிமிஷம் பிந்தி ஓடுவதால், திருட்டு நடந்த நேரத்துப் பதிவைத் தேடிக் கடைக்காரரும் போலீஸ்காரரும் அல்லாடியதைப் பார்த்தவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை. இரண்டு மெஷினின் நேரம் ஒத்துப்போகாவிட்டால் லாக் இருந்தும் பாதிப் பயன்தான். அன்றிலிருந்து நான் மாட்டும் எல்லா டிவிஆரிலும் நெட்வொர்க் வழியாக நேரத்தைத் திருத்தும் என்டிபி இயக்குகிறேன், நேர மண்டலம் சரியா என்றும் பார்க்கிறேன்.

டிவிடபிள்யூஏ என்ற வெப் பயிற்சித் தளமும் மெட்டாஸ்ப்ளாய்டபிளுக்குள்ளேயே இருக்கிறது. பாதுகாப்பு நிலையை லோ என்று வைத்து, பயனர் எண் கேட்கும் கட்டத்தில் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றை மட்டும் போட்டால் டேட்டாபேஸ் பிழைச் செய்தி கத்துகிறது. அதிலிருந்து, அந்தக் கட்டத்தில் டேட்டாபேஸ் கட்டளையையே செருகும் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் வரை நடந்து, உள்ளே இருக்கும் ஐந்து பயனர்களையும் வெளியே எடுத்தோம். பக்கத்தின் கீழே மூல நிரலைக் காட்டும் பொத்தான் இருக்கிறது. லோவில் எழுதியதையும் ஹையில் எழுதியதையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். இது மருமகனின் துறை. நான் பக்கத்தில் இருந்து டீ போட்டேன்.

வைஃபை பக்கம் அதிகம் போகவில்லை. காற்றில் போகும் எல்லா வைஃபை தகவலையும் கேட்கும் மானிட்டர் மோடு தரும் யூஎஸ்பி அடாப்டர் வேண்டும். டிபி-லிங்க் 722என் வாங்கச் சொல்வார்கள். அதன் முதல் பதிப்பில்தான் காளிக்கு ஒத்துவரும் ஏதெராஸ் சிப் இருந்தது, பிந்தைய பதிப்புகளில் ரியல்டெக். பெட்டியின் மேல் பெயர் ஒன்றுதான், வாங்கும்முன் பதிப்பு எண்ணைப் பாருங்கள்.

இங்கேதான் அவன் கேட்டான், பக்கத்து வீட்டு வைஃபையில் ஹேண்ட்ஷேக் (போன் ரௌட்டரோடு இணையும்போது நடக்கும் பரிமாற்றம்) மட்டும் பிடித்துப் பார்க்கலாமா என்று. "ஏல, கைய எடு" என்றேன். நம்முடைய பழைய ரௌட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது, அதில் பிடி. 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, உரிமையாளர் அனுமதியில்லாமல் ஒரு கம்ப்யூட்டரிலோ நெட்வொர்க்கிலோ நுழைவதைச் சொல்கிறது. அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவு: மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். கல்லூரிப் பையன் சும்மா பார்த்தேன் என்றால் நோக்கம் என்ன என்று முடிவு செய்வது அவன் இல்லை. அதோடு எனக்கு ஊரில் பாதிப்பேர் வீட்டு ரௌட்டர் பாஸ்வேர்டு தெரியும். என் தொழில் நடப்பதே அந்த நம்பிக்கையில்தான்.

அப்புறம் டிவிஆர். ஒரு கடையில் புதிது மாட்டியபோது கழற்றிய பழையது. உரிமையாளர் வேண்டாம் என்று கொடுத்துவிட்டார். ஹார்ட் டிஸ்க்கை அவர் முன்னாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டு, பெட்டியை மட்டும் கொண்டுவந்தேன். பெட்டியின் மேல் இருக்கும் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. உள்ளே இருக்கும் போர்டு எத்தனையோ பெயர்களில் வருகிறது.

நிஜப் பொருளை விர்ச்சுவல் லேபுக்குள் கொண்டுவர ஒரு யூஎஸ்பி-லேன் அடாப்டர் போதும். அதில் டிவிஆரை நேராகச் சொருகினேன். விண்டோஸில் அந்த அடாப்டரின் பண்புகளில் ஐபிவி4, ஐபிவி6 எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு, விர்ச்சுவல்பாக்ஸ் பிரிட்ஜ் டிரைவரை மட்டும் விட்டுவைத்தேன். இப்போது விண்டோஸுக்கு டிவிஆர் தெரியாது, காளிக்கு மட்டும் தெரியும். காளியில் டிஎன்எஸ்மாஸ்க் ஓட்டி, டிவிஆருக்கு ஐபியும் டிஎன்எஸ்ஸும் (தளத்தின் பெயரைக் கேட்டால் அதன் முகவரியைச் சொல்லும் சேவை) காளியே கொடுக்கும்படி வைத்தேன். இன்டர்நெட் கிடையாது. ஆனால் அது யாரைக் கூப்பிட நினைக்கிறது என்பது டிஎன்எஸ் கேள்விகளில் தெரிந்துவிடும்.

ஆன் செய்து ஒரு நிமிஷத்துக்குள் ஒயர்ஷார்க் நிறைய ஆரம்பித்தது. நேரம் கேட்க ஒரு முகவரி, சரி. கிளவுட் சர்வர் போலத் தெரியும் இரண்டு மூன்று பெயர்கள், பதில் வராததால் திரும்பத் திரும்ப. மெனுவில் கிளவுட் வசதியை அணைத்த பின்னும் அதில் ஒரு பெயர் நிற்கவில்லை. 239.255.255.250-க்கு யூபிஎன்பி அழைப்பு: ரௌட்டர் யாராவது இருந்தால் எனக்கு வெளியே ஒரு வாசல் திறந்து விடு என்று கேட்கும் முயற்சி. பல வீட்டு ரௌட்டர்கள் கேட்டதும் திறந்துவிடும், வீட்டுக்காரருக்குத் தகவல்கூட இருக்காது.

என்மேப்பில் 80, வீடியோவுக்கான 554, ஒரு ஐந்து இலக்கப் போர்ட், அதோடு 23. டெல்நெட். மெனு முழுக்கத் தேடினேன், அதை அணைக்க இடமே இல்லை. 2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுக்க டிவிஆர்களையும் கேமராக்களையும் பிடித்தது இந்த வழியில்தான். அறுபது சொச்சம் பயனர் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகள், டெல்நெட் கதவைத் தட்டித் தட்டி முயன்றது, அவ்வளவுதான். அப்படிச் சேர்த்த படையை வைத்து அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டைன் (Dyn) என்ற டிஎன்எஸ் நிறுவனத்தை முடக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல இடங்களில் நின்றுபோயின. அந்தப் பட்டியல் காளியில் கிடைக்கும் செக்லிஸ்ட்ஸ் தொகுப்பில் இருக்கிறது. ஹைட்ராவில் கொடுத்தேன். ரூட்டாகத் திறந்தது. டிவிஆர் மெனுவில் அட்மின் பாஸ்வேர்டை நீளமாக மாற்றிவிட்டு மறுபடி முயன்றேன். அப்போதும் திறந்தது. மெனுவில் மாற்றுவது வேறு பாஸ்வேர்டு, டெல்நெட்டின் ரூட் பாஸ்வேர்டு ஃபர்ம்வேரில், பெட்டிக்குள் பதிந்து வரும் மென்பொருளில், வார்த்தது.

பிரவுசரில் லாகின் செய்து பார்த்ததில் பாஸ்வேர்டு பேஸ்64 வடிவத்தில் போனது. பார்க்கக் குழப்பமான எழுத்துகள், ஆனால் அது பூட்டு இல்லை. ஒரு கட்டளையில் பழைய எழுத்து வந்துவிடும்.

இதே போர்டு உள்ள டிவிஆர் இன்னும் ஓடும் ஒரு இடம் எனக்குத் தெரியும். சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு அரிசி ஆலை. வேறொருவர் மாட்டியது, இப்போது பராமரிப்பு என்னிடம். ஆலைக்காரரிடம் போய்ச் சொல்லி, எந்தக் கருவி, எந்தத் தேதி, என்ன சோதிப்பேன், பதிவுகளைத் தொடமாட்டேன் என்று அரைப்பக்கம் தமிழில் எழுதிக் கையெழுத்துக் கேட்டேன். "எங்கிட்ட எழுத்து எதுக்கு தம்பி, நீ பாரு" என்றார். "ஒங்களுக்காக இல்ல அண்ணாச்சி, எனக்காக" என்றதும் போட்டார். பதிவு ஓடாத மதிய இடைவேளை என்று ஆலையில் எதுவும் கிடையாது, அதனால் அங்கே பாஸ்வேர்டு ஊகித்தல் எதுவும் செய்யவில்லை. போர்ட் ஸ்கேனும் ரௌட்டர் அமைப்பைப் படிப்பதும் மட்டும். 23 திறந்திருந்தது. ரௌட்டரில் இரண்டு போர்ட் ஃபார்வர்டு (வெளியிலிருந்து டிவிஆருக்கு நேராக வரும் வழி), எப்போதோ போட்டவை. இரண்டையும் நீக்கி, யூபிஎன்பியை அணைத்தேன். டெல்நெட்டை அணைக்க வழியில்லாததால் டிவிஆரைத் தனி ரௌட்டருக்குப் பின்னால் தள்ளி, அதிலிருந்து இன்டர்நெட்டுக்கும் கணக்குப்பிள்ளை கம்ப்யூட்டருக்கும் போகும் பாதையை மறித்தேன். வெளியூரில் இருந்து படம் பார்க்க ஒயர்கார்டு விபிஎன், சாவி உள்ளவர் மட்டும் நுழையும் பூட்டிய பாதை. போனில் ஒரு பொத்தானை முதலில் அழுத்திவிட்டுப் பிறகு ஆப்பைத் திறக்க வேண்டும் என்பது மட்டும் அவருக்குக் கூடுதல் வேலை. ஒரு வாரம் முணுமுணுத்தார், இப்போது பழகிவிட்டது. ஒயர்கார்டுக்கு அவர் இணைப்பில் பொது ஐபி இருந்தது அதிர்ஷ்டம். பலருக்கு ஒரே பொது ஐபியைப் பகிர்ந்து தரும் சிஜிநேட் இணைப்பாக இருந்திருந்தால் இந்த வழி நேராக வேலை செய்யாது.

இப்போது எந்த மாடல் புதிதாகக் கடைக்கு வந்தாலும் ஒன்றை ஒரு ராத்திரி லேப் மேசையில் போட்டுவிட்டுத்தான் விற்கிறேன். என்ன போர்ட், யாரைக் கூப்பிடுகிறது, கிளவுடை அணைத்தால் நிற்கிறதா, லாகின் எப்படிப் போகிறது, நேரம் எங்கிருந்து எடுக்கிறது. 2025 ஏப்ரலில் இருந்து சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனைச் சான்று கட்டாயம் என்று வந்திருப்பதால் புதிய சரக்கு எவ்வளவோ தேவலை. பழைய இருப்பில்தான் தகராறு. போன தடவை வந்த நான்கு டிவிஆரில் 23 திறந்திருக்க, ஸ்கேன் முடிவைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் மொத்தக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "படம் நல்லா வருதுல்லா, பொறவு என்னவே?" என்றார். அவர் கம்ப்யூட்டரிலேயே, அவர் சம்மதத்தோடு, அந்த டிவிஆர் ஒன்றைச் சொருகி டெல்நெட்டில் ரூட் ஷெல்லைத் திறந்து காட்டினேன். நான்கையும் மாற்றிக் கொடுத்துவிட்டு, கடையில் மாட்டியிருக்கும் அவருடைய டிவிஆரையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.